பன்னிரண்டாம் கார்த்திகை

காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அதுவரை மனைவி தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. பன்னிரண்டு முடிந்தும் ஆள் வரவில்லை என்றால், தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் நாள்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் வாழைத்தோப்புகளில் இலை அறுக்கும் ரெங்கம்மாளுக்கு, 1967ஆம் வருஷத்துக் கார்த்திகை அமாவாசையோடு அந்தக் கணக்கு முடிந்தது. அவள் கணவன் செல்லக்கண்ணு திருச்சியில் ஒரு கருவாட்டு மண்டியில் வேலை பார்த்தவன். 1955 கார்த்திகையில் கருவாடு எடுத்துவரக் கோடியக்கரைக்குப் போனான். அங்கே அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. கூடப் போனவர்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். செல்லக்கண்ணு கடலைப் பார்த்து ஓடவில்லை, காட்டைப் பார்த்துத்தான் ஓடினான் என்று அவன் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. அப்போது ரெங்கம்மாளுக்கு வயது இருபது. காட்டைப் பார்த்து ஓடினார் என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பன்னிரண்டு வருஷம் நெற்றிக்குப் பொட்டு வைத்தாள்.

அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாக்கியமேரி டீச்சர் தேடிக்கொண்டு வந்தார். திருச்சியில் அவர் வேலை பார்க்கும் பள்ளியின் விடுதிச் சமையலறைக்கு ரெங்கம்மாள்தான் வாரம் இருமுறை இலைக்கட்டு கொண்டுபோய்ப் போடுவாள்.

"ரெங்கம்மா, சொல்லலாமா வேணாமான்னு ஒரு மாசமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். இனிமே வச்சிருந்தா பாவம்" என்றார் டீச்சர். "ஐப்பசியில பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டுக் கோடியக்கரைக் காட்டுக்குப் போயிருந்தோம்ல. அங்க ஒருத்தரைப் பார்த்தேன். காட்டுக்குள்ளயே இருக்காரு. நாப்பது வயசு இருக்கும். நல்ல உயரம். பேச்சே கிடையாது. ஆனா நாங்க திருச்சின்னு யாரோ சொன்னதும் பக்கத்துல வந்து, 'மலைக்கோட்டையில தீபம் ஏத்திட்டாங்களா'ன்னு கேட்டாரு."

ரெங்கம்மாள் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?"

"இன்னும் ஏத்தலைன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு."

வீட்டில் பேச்சு எழுந்தது. செல்லக்கண்ணுவின் பெரியப்பா ஆண்டிதான் அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். "காட்டுல நிக்கிறவனையெல்லாம் நம்ம வீட்டு ஆளுன்னா, அய்யனாரைக்கூட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்" என்றார். ஆனால் அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. "போய்ப் பார்த்துட்டு வரட்டும். பார்க்காம விட்டா ஆயுசுக்கும் அது ஒரு முள்ளு. அமாவாசைக்குத் திரும்பிடணும், ஐயருக்குச் சொல்லியாச்சு."

கொழுந்தன் மருதை துணைக்கு வந்தான். அண்ணன் போனபோது அவனுக்குப் பதினாறு வயது. இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ரெங்கம்மாள் ஒரு புது வேட்டியும், பெரிய டப்பா நிறையப் புளிச்சோறும் எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வேதாரண்யத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் ஏறிக் கோடியக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வானம் மூடிக் கிடந்தது. அந்த வருஷக் கோடையில்தான் அரசாங்கம் அந்தக் காட்டைச் சரணாலயம் என்று அறிவித்திருந்தது. ரோட்டோரத்தில் நின்ற பலகையில் வர்ணம் இன்னும் புதிதாகப் பளபளத்தது. மரம் வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது, ஆடுமாடு மேய்க்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிக்கொண்டு டீக்கடையில் நின்றார்கள்.

"நீங்களும் மான் பாக்கத்தானா?" என்று கடைக்காரர் மருதையைக் கேட்டார்.

"இல்லைங்க, காட்டுல ஒருத்தர் இருக்காராமே, அவரைப் பாக்கணும்."

"நல்ல கூத்து. ஊரெல்லாம் மனுசனை விட்டுட்டு மிருகம் பாக்க வருது. நீங்க இம்புட்டு மிருகத்தை விட்டுட்டு மனுசனைப் பாக்க வந்திருக்கீங்க." சொல்லிவிட்டு அவர் ரெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அதோ தாஜுதீன் அண்ணன் வராரு பாருங்க. பாரஸ்ட் கார்டு. அவர்கிட்ட கேளுங்க, கூட்டிட்டுப் போவாரு."

தாஜுதீன் தோப்புத்துறைக்காரர். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, காக்கிச் சட்டை. அவர்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் சைக்கிளைக் கடையில் சாய்த்துவிட்டு நடந்தே கூட்டிப்போனார்.

"தங்கச்சி, அவருக்குன்னு யாராவது வர மாட்டாங்களான்னு நான் ஏங்கிட்டு இருந்தேன்" என்றார். "வியாழக்கிழமை ஜீப் வருது. அவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"எங்கங்க?"

"மெட்ராஸ் பக்கம் ஏதோ ஒரு இல்லமாம். ஆதரவு இல்லாதவங்களை வைக்கிற இடம். காட்டுக்குள்ள இனி யாரும் குடியிருக்கக்கூடாது, அதான் உத்தரவு. உறவுக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போட்டா அவங்ககிட்ட ஒப்படைச்சிடலாம். இல்லேன்னா ஜீப்புதான்."

வழி நெடுகப் பாலை மரங்கள் அடர்ந்து நின்றன. அடிமரத்தை மூன்று பேர் சேர்ந்தாலும் கட்ட முடியாத கிழட்டு மரங்கள். அவற்றின் கீழே முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்தன. சற்றுத் தள்ளிக் காடு விலகிப் புல்வெளி விரிந்தது. வெளிமான்கள் கூட்டமாகத் தலை தூக்கிப் பார்த்தன. முறுக்கிய கொம்புடைய கறுத்த கடா ஒன்று மட்டும் ஓடாமல் நின்றது. அதற்கும் அப்பால் தரை முழுவதும் சேறாகி, வானமும் நீரும் ஒரே நிறமாகக் கிடந்தன. அந்தச் சேற்றில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. அழகான காட்சி. ரெங்கம்மாள் எதையும் பார்க்கவில்லை. ஒருவர் பன்னிரண்டு வருஷம் ஒளிந்திருக்க முடியுமா என்று மட்டும் அவள் ஒவ்வொரு புதரையும் அளந்துகொண்டே நடந்தாள். முடியும் என்றே தோன்றியது.

"இந்த வருஷம் மேல இருந்து லிஸ்ட் கேட்டாங்க" என்று தாஜுதீன் பேசிக்கொண்டே வந்தார். "மான் எத்தனை, நரி எத்தனை, பன்னி எத்தனைன்னு. எல்லாம் எழுதிட்டேன். இவரை எதுல எழுதுறதுன்னுதான் தெரியலை. கோடையில தண்ணி இல்லாமப் போனா, இவரு மணல்ல ஊத்து தோண்டி வைப்பாரு. மானு, மட்டக்குதிரை எல்லாம் வந்து குடிச்சிட்டுப் போகும். நான் பார்த்திருக்கேன். அதையெல்லாம் எழுத அதுல இடம் இல்லை."

ஒரு பாலை மரத்தடியில் பனையோலை சாய்த்த சிறு மறைப்பு இருந்தது. அதன் முன்னால் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள், நீண்ட கழுத்து, ஒரு பக்கம் சாய்ந்த தலை. ரெங்கம்மாளின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

மருதை நிற்கவில்லை. "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். "அண்ணே, நான் மருதை. வீட்டுக்குப் போலாம் வாண்ணே."

அவர் திரும்பினார். மருதையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் எழுந்து, மறைப்புக்குள் போய் ஒரு துணி மூட்டையையும் அலுமினியக் குவளையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். புறப்படத் தயாராக நின்றார். மருதை அழுதுகொண்டே புது வேட்டியைப் பிரித்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டான். அவர் கையைத் தூக்கிக் கொடுத்தார், சின்னப் பிள்ளையைப் போல.

ரெங்கம்மாள் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தாள். தாடி, வெயில், பன்னிரண்டு வருஷம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாள். இடது காதைப் பார்த்தாள். செல்லக்கண்ணுவுக்குச் சின்ன வயதில் கடுக்கன் இழுபட்டுக் காதுமடல் கிழிந்து இரண்டாக இருக்கும். இந்தக் காது முழுதாக இருந்தது.

அதைப் பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வலது காதையும் பார்த்தாள்.

அவள் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்து, விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். மருதை பின்னாலேயே வந்தான்.

"காது" என்றாள் அவள் கடைசியில்.

"நானும் பார்த்தேன் அண்ணி."

"பின்னே ஏன் வேட்டியைக் கட்டிவிட்டே?"

"கட்டுனப்புறம்தான் பார்த்தேன்." அவன் காலால் சருகைத் தள்ளிக்கொண்டு நின்றான். "அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக்கூடாது. அவரும் திருச்சிப் பக்கம்தான். வரேன்னு எந்திரிச்சும் வந்துட்டாரு. நாம அண்ணன்னே சொல்லிடுவோம். ஊர்ல யாருக்கு இப்ப முகம் ஞாபகம் இருக்கு? பெரியப்பாவுக்குக் கண்ணு தெரியாது. காதை முடி மறைச்சுக்கும். என் வீட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போறாரு. உங்க கழுத்துல இருக்கறது இருக்கட்டும்."

அந்த இளைஞன் சொன்னது பொய்க்கான யோசனைதான். ஆனால் அதில் சுயநலம் ஒரு துளிகூட இல்லை. தாஜுதீனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நான் கேள்வி கேக்க மாட்டேன் தங்கச்சி. நீங்க ஆமான்னா ஆமா. அல்லா மன்னிப்பான்" என்றார் மெதுவாக.

ரெங்கம்மாள் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். நாளை மறுநாளுக்கு மறுநாள் இதைக் கழற்றச் சொல்வார்கள். ஒரு கையெழுத்துப் போட்டால் வேண்டாம். அந்த மனிதருக்கும் ஒரு கூரை கிடைக்கும். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று ஒன்று உலகத்தில் இருந்தால் அது இதுதான் என்று தோன்றியது.

எங்கேயோ ஒரு மயில் அகவியது. அவள் தலை நிமிர்ந்தாள்.

"தம்பி, இவருக்கும் ஒருத்தி இருப்பாள்ல" என்றாள்.

மருதை சருகைத் தள்ளுவதை நிறுத்தினான்.

"துவாக்குடியோ, வையம்பட்டியோ, எந்த ஊரோ. அவளும் என்னை மாதிரி வருஷத்தை எண்ணிக்கிட்டுத்தானே இருப்பா. நாம இவரைச் செல்லக்கண்ணுன்னு எழுதிக் கூட்டிட்டுப் போயிட்டா, நாளைக்கு அவ தேடி இங்க வருவா. கார்டு ஐயா என்ன சொல்வாரு? அவரை அவங்க வீட்டுல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்வாரு. அவளுக்கு அதோட முடிஞ்சு போச்சு. எனக்கு யாராவது அப்படிச் செஞ்சிருந்தா?"

"யாரும் வரலையே அண்ணி, இத்தனை வருஷமா."

"நானும்தான் இத்தனை வருஷமா வரலை. வழி தெரியாமத்தானே இருந்தேன்."

"அப்படின்னா இருக்கறபடியே சொல்லிக் கூட்டிட்டுப் போவோம். ஊர்ல போய் அவரு ஆளுங்களைத் தேடுவோம்."

தாஜுதீன் தலையை அசைத்தார். "உறவுன்னு எழுதாமக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை தம்பி. கேட்டுப் பாக்கறேன், ஜீப்புல வர்றவர்கிட்ட. ஆனா கொடுக்க மாட்டாங்க."

ரெங்கம்மாள் எழுந்து போய் அந்த மனிதரின் எதிரில் உட்கார்ந்தாள். அவர் இன்னும் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் உட்கார்ந்ததும் அவரும் உட்கார்ந்தார்.

"ஐயா, நான் உங்க பொஞ்சாதி இல்லைங்க. அவன் உங்க தம்பியும் இல்லை. ஆள் தெரியாமக் கூப்பிட்டுட்டோம்."

"தெரியும்" என்றார் அவர். வெகுநாள் பேசாத தொண்டை, சத்தம் கரகரத்தது.

"தெரிஞ்சுமா எந்திரிச்சு வந்தீங்க?"

"கூப்பிட்டீங்களே" என்றார்.

ரெங்கம்மாள் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அழுததையெல்லாம் சேர்த்து அப்போது அழுதாள். அவர் எதற்கென்று புரியாமல் குவளையில் தண்ணீர் மொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். பெயர் என்ன, ஊர் எது என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அவருக்கு மலை தெரிந்தது. மேலே எரியும் தீபம் தெரிந்தது. ஆற்றைத் தாண்டியா, இந்தப் பக்கமா என்று கேட்டால் தெரியவில்லை. பெயர் கேட்டபோது நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, தொலைந்த பொருளை வைத்த இடத்தில் காணாதவரைப் போல வெட்கப்பட்டார்.

அன்றே திரும்பியிருக்கலாம். ரெங்கம்மாள் போகவில்லை. "ஜீப் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போறோம். கூப்பிட்டுட்டு விட்டுட்டுப் போனா என் மனசு கேக்காது" என்றாள். பெரியப்பாவுக்கு மருதை ஒரு தந்தி கொடுத்தான். தாஜுதீன் தன் வீட்டிலிருந்து அரிசியும் சட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். காட்டுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் ஊருக்குள் டீக்கடை அடுப்பில் சமைத்து, இரண்டு நாளும் மூன்று வேளையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். கடைக்காரர் அடுப்புக்கு ஒன்றும் வாங்கவில்லை. அவர் தம்பி கத்தரிக்கோலோடு வந்து அந்த மனிதருக்கு முடி வெட்டி, தாடியை மழித்துவிட்டுப் போனார். முகம் தெரிந்ததும் மருதை ஒருமுறை உற்றுப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. வந்த அதிகாரி இளைஞர். கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரெங்கம்மாளின் வேண்டுகோளைப் பொறுமையாகக் கேட்டார். விதி இடம் கொடுக்காது என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஒரு தாளில் பெயர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றும், ஊர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றும் எழுதினார்.

"ஐயா, திருச்சிப் பக்கம்னு எழுதுங்க" என்றாள் ரெங்கம்மாள்.

"அது ஊர் இல்லையேம்மா."

"அவ்வளவுதாங்க அவருக்கு இருக்கு. அதையும் விட்டுட்டா எப்படி?"

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு தாளின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில் எழுதினார். இல்லத்தின் விலாசத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஜீப்பில் ஏறச் சொன்னதும் அந்த மனிதர் ஏறினார். யார் கூப்பிட்டாலும் வருகிறவராக இருந்தார். வண்டி புறப்பட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான். தாஜுதீனைப் பார்த்து, "கோடையில ஊத்துத் தோண்டணும்" என்றார்.

"தோண்டறேங்க" என்றார் தாஜுதீன்.

மறுநாள் அமாவாசை. அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. அந்தக் கடற்கரையும் முன்னோர் காரியத்துக்குப் பேர்போனதுதான். வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த ஒரு சாஸ்திரிகள் தர்ப்பையில் உருவம் செய்து கொடுத்தார். மருதை கொள்ளி வைத்தான். ரெங்கம்மாள் கடலில் முழுகினாள். யாரோ முன்பின் தெரியாத மூன்று மீனவப் பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்று, கூட்டத்தின் பார்வை படாமல் மறைத்துக்கொண்டார்கள். அந்த மறைப்புக்குள் அவள் தாலியைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு ரெங்கம்மாள் செய்ததை ஊரில் சிலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வாரத்தில் ஆறு நாள் இலை அறுத்தாள். ஏழாம் நாள் பஸ் ஏறி ஏதாவது ஓர் ஊருக்குப் போனாள். துவாக்குடியில் ஆரம்பித்தாள். உப்பிலியபுரம் வரை போனாள். ஊர்க்கிணற்றடியில் நின்று, "உங்க ஊர்ல காணாமப் போனவங்க யாராவது உண்டாங்க?" என்று கேட்பாள். வெள்ளைப் புடவைக்காரி எதிரே வந்தால் விலகிப் போகிறவர்கள் அதிகம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும், எந்த ஊரிலும் ஒரு வீட்டிலிருந்தாவது ஒருத்தி எழுந்து வந்தாள். இல்லை என்று சொன்ன ஊரை அவள் பார்க்கவில்லை. ஆனால் ஒருத்தி சொன்ன அடையாளமும் சேரவில்லை.

பங்குனியில் பாக்கியமேரி டீச்சர் அந்த இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அந்த மனிதர் மாசி மாதமே காய்ச்சலில் இறந்துவிட்டார். உரிமை கோர எவரும் இல்லாததால் அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். டீச்சர் அதை வாசித்துவிட்டு, "இனி அலையாதே ரெங்கம்மா. கர்த்தர் அவரைக் கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்.

"அவருக்கு முடிஞ்சுடுச்சு டீச்சர்" என்றாள் ரெங்கம்மாள். "எண்ணிக்கிட்டு இருக்கவளுக்கு முடியலையே."

இப்போது அவள் தேடியது, ஒருத்தியிடம் சாவுச் செய்தி சொல்வதற்காக. அதைவிட வறண்ட தேடல் உலகத்தில் உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் சித்திரை வெயிலில் வையம்பட்டிக்குப் போனாள். அங்கே இருளாயி என்று ஒருத்தி வந்தாள். பத்து வருஷமாகிறது, மாடு வாங்கப் போனவர் வரவில்லை என்றாள். உயரம் சேர்ந்தது. வயது சேர்ந்தது.

"நெத்தியில வெட்டுத் தழும்பு இருந்துச்சா?" என்று இருளாயிதான் கேட்டாள்.

முடி வெட்டி முகம் மழித்து உட்கார வைத்து இரண்டு நாள் பார்த்த நெற்றி அது. "இல்லைங்க" என்றாள் ரெங்கம்மாள்.

இருளாயி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்ப இவரு இல்லை" என்றாள். "எத்தனை வருஷம் காத்திருக்கணும்பாங்க, உங்க பக்கம்?"

"பன்னெண்டு."

"எங்க பக்கமும் அதான்."

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. இருளாயி அவள் கையைப் பிடித்தாள்.

"வெயில்ல ஏங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க."